தீ விபத்து சிமுலேஷனில் ஆட்களை எப்படி நடக்கவிடுவது?

கேள்வி: கோவையில் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். தீபாவளி நெரிசலில் ஒப்பணக்கார வீதி ஜவுளிக்கடை ஒன்றில் தீப்பிடித்தால் மக்கள் வெளியேறுவதையும் தீயணைப்பு வீரர்கள் உள்ளே போவதையும் புராஜெக்ட்டுக்காக சிமுலேட் செய்யணும். எந்த சாப்ட்வேர் நல்லதுங்க?

பதில்: சாப்ட்வேருக்கு ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. நெட்லோகோ, வாடெரே, ஜூபெட்சிம் மூன்றுமே இலவசம். முதல் தடவை என்றால் நெட்லோகோ போதும். வீதி வரைபடம் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கிடைக்கும், ஆனால் நடைபாதைக் கடைகளும் வரிசையாக நிற்கிற டூவீலர்களும் அதில் இருக்காது, டேப்போடு ஒரு ஞாயிறு சாயங்காலம் நீங்களே போய் அளந்தால்தான் உண்டு.

பலரும் கோட்டைவிடுவது ஆட்களுக்குப் புத்தி எழுதுகிற இடத்தில். அலாரம் அடித்ததும் எல்லா ஏஜென்ட்டும் (சிமுலேஷனில் நடமாடுகிற ஒவ்வொரு ஆளும்) பக்கத்து வாசலுக்கு ஓடும் என்று எழுதிவிடுவார்கள். 1973-ல் பிரிட்டன் அருகே மேன் தீவில் சம்மர்லேண்ட் கேளிக்கை மையம் எரிந்து 50 பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த ஜோனதன் சைம் கண்டது வேறு: மனிதர்கள் தங்கள் ஆட்களைத் தேடியும், பழகிய வழியைத் தேடியும்தான் போகிறார்கள்.

நம்ம கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண ஜவுளி எடுக்க கோபிப் பக்கமிருந்து ஒரு குடும்பமே வேன் பிடித்து வந்திருக்கிறது. அம்மாவும் அத்தையும் இரண்டாம் மாடியில் பட்டு விரித்துப் பார்க்கிறார்கள், அப்பா கீழே பில் கவுண்டர் வரிசையில், பையன் மூன்றாம் மாடியில் பேன்ட் போட்டுப் பார்க்கிறான். புகை வந்தால் அம்மா முதலில் மேலேதான் ஏறுவார். அப்பா வெளியே போகாமல் படிக்கட்டு அடியிலேயே நின்று மேலே பார்த்துக் கூப்பிடுவார், அந்த ஒரு ஆள் நிற்பதே பின்னால் வருகிறவர்களுக்கு அடைப்பு. பின்பக்க அவசர வழி காலியாகக் கிடந்தாலும் கூட்டம் வந்த வாசலுக்கே திரும்பும். அதனால் ஏஜென்ட்டைத் தனி ஆளாக எழுதாமல் குடும்பக் குழுவாக எழுதுங்கள், நகரத் தொடங்கும் தாமதத்தையும் ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுங்கள்.

வேகம்: சமதளத்தில் நொடிக்குச் சுமார் 1.3 மீட்டர், படியில் ஏறக்குறைய பாதி. சதுர மீட்டருக்கு நாலு பேர் சேர்ந்தாலே ஊர்வதுதான். வாசலில் அவசரம் கூடக் கூட வெளியேற்றம் மெதுவாகும் என்று டிர்க் ஹெல்பிங் என்ற ஆய்வாளரின் குழு 2000-லேயே சிமுலேஷனில் காட்டிவிட்டது, அந்த விளைவு உங்கள் மாடலில் வருகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் மீட்பு வீரர்கள். இறங்குகிற கூட்டத்துக்கு எதிரே அவர்கள் ஏற வேண்டும், கூடவே படியில் தண்ணீர் ஹோஸ் கிடந்தால் நடக்கிற அகலம் இன்னும் குறையும். வெளியே செல்போனைத் தூக்கி வேடிக்கை பார்க்கிற கூட்டத்தைத் தனி வகை ஏஜென்ட்டாகச் சேருங்கள், தீயணைப்பு வண்டியை மறிப்பதில் பாதி அவர்கள்தான்.

ஒரே ஒரு ஓட்டத்தை வைத்து 'பதினோரு நிமிடம்' என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள். ரேண்டம் சீடை (தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கிற எண்ணை) மாற்றி மாற்றி நூறு முறையாவது ஓட்டி, குறைந்தபட்சம் அதிகபட்சம் இரண்டையும் போடுங்கள். டூவீலர் வரிசையை எடுத்துவிட்டு அதையே திரும்ப ஓட்டினால் வைவாவில் பேச உருப்படியான ஒப்பீடு ஒன்று கையில் இருக்கும்.