ஏர் பிஸ்டலில் குண்டு எப்போதும் இடப்பக்கம் கீழேயே போகிறது. எப்படிச் சரிசெய்வது?

முதலில், சைட் (பிஸ்டலின் முன்னும் பின்னும் குறிபார்க்க இருக்கும் பாகம்) திருகாணியில் கை வைக்காதீர்கள். நான் வைத்தேன்.

நானும் வலது கைக்காரன்தான். பத்துக்கு ஆறு குண்டாவது கடிகாரத்தில் எட்டு மணி இருக்கும் பக்கம் போய் உட்காரும். பின் சைட்டை நாலு கிளிக் (திருகாணியின் ஒரு படிதான் கிளிக்) திருப்பிவிட்டேன். மறுநாள் நிதானமாகச் சுட்டதெல்லாம் வலப்பக்கம் மேலே போக, அவசரத்தில் இழுத்தது மட்டும் நடுவில் விழுந்தது. தப்பாகச் சுட்டால் பத்து புள்ளி, ஒழுங்காகச் சுட்டால் எட்டு!

கை ஆடுவதுதான் காரணம் என்று அதுவரை நினைத்திருந்தேன். கணக்கு வேறு. பிஸ்டல் கோணாமல் கை மொத்தமாக ஒரு மி.மீ. நகர்ந்தால், 10 மீட்டர் தள்ளி இருக்கும் டார்கெட்டிலும் குண்டு ஒரு மி.மீ.தான் விலகும். பத்து வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ., எனவே பாதகமில்லை. ஆனால் முன் சைட் மட்டும் பின் சைட்டின் பள்ளத்துக்குள் ஒரு மி.மீ. தள்ளிப்போனால், இரண்டுக்கும் இடையே 32 செ.மீ. என்று வைத்தால்கூட, குண்டு சுமார் 31 மி.மீ. விலகும். அது ஏழு. ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கும்போது மற்ற விரல்களும் சேர்ந்து இறுகி முன் சைட்டைக் கீழே இடப்பக்கம் தள்ளுகின்றன. (இடது கைக்காரர்களுக்கு வலப்பக்கம்.)

இது உங்களிடமும் நடக்கிறதா என்று பார்க்க, பெல்லட் (குண்டு) உள்ளே இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, டிரை ஃபயர் நிலையில் (குண்டு போகாமல் ட்ரிகர் மட்டும் இயங்கும் நிலை) வெறும் வெள்ளைச் சுவரை நோக்கி ட்ரிகரை அழுத்துங்கள். டார்கெட்டின் கறுப்பு வட்டம் இல்லாததால் கண் முன் சைட்டிலேயே நிற்கும். அது துள்ளினால் அப்பட்டமாகத் தெரியும். நான் தினமும் கால் மணி நேரம் செய்தேன். பரம போர், ஆனாலும் செய்யுங்கள்.

எனக்கு உண்மையில் உதவியது நாற்பது ரூபாய்க்கு வாங்கிய நோட்டுப் புத்தகம்தான். குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் மானிட்டரைத் துண்டால் மூடிவிட்டு, சுட்டதும் "ஒன்பது, மூன்று மணி" என்று எழுதிக்கொண்டு, அப்புறம்தான் துண்டை விலக்குவேன். இரண்டு வாரத்தில் குட்டு வெளிப்பட்டது. நல்ல குண்டுகளை ஓரளவு சரியாகச் சொல்லியிருந்தேன். இடப்பக்கம் போனவற்றுக்கெல்லாம் "பத்து" என்று எழுதியிருந்தேன்! அதாவது ட்ரிகர் விழுந்த நொடியில் நான் முன் சைட்டையே பார்க்கவில்லை. கண் டார்கெட்டுக்கு ஓடி, 'இப்போ, இப்போ' என்று விரலை அவசரப்படுத்தியிருக்கிறது.

பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். குறியில் நின்று எட்டு வினாடிக்குள் குண்டு போகவில்லையா, கையை இறக்கிவிட வேண்டும். போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், இறக்கி ஏற்ற நேரம் தாராளமாக இருக்கிறது. இருந்தும் எனக்கு மாதக்கணக்கில் வராமல் அடம்பிடித்தது இதுதான்.

சைட்டை எப்போது திருப்பலாம்? நீங்கள் "பத்து" என்று சொன்னவை எல்லாம் நெருக்கமாக, ஒரே இடத்தில், ஆனால் நடுவிலிருந்து தள்ளி விழும்போது. எனக்கு அந்த நாள் வந்தபோது ஒரே ஒரு கிளிக்தான் தேவைப்பட்டது.