ஈரமணலில் படரும் வெள்ளைப் பூ: நீர்ப்பிரமியை இனம் காண்பது எப்படி? (கேள்வி பதில்)

கழிமுகத்து ஈரமணலில் தரையோடு படர்ந்த செடி. வெள்ளைப் பூ, தடித்த சிற்றிலை. இது நீர்ப்பிரமி என்னும் மூலிகையா, அதைப்போலவே படரும் பொடுதலையா?

பூவுக்கு முன் இலையைப் பாருங்கள். பொடுதலை இலையின் மேல்பாதி விளிம்பில் ரம்பப் பற்கள் இருக்கும். நீர்ப்பிரமியில் பெரும்பாலும் பல் இல்லை, இலைக்காம்பும் இல்லை. கணுவுக்கு இரண்டு இலைகள் எதிரெதிரே, அடி குறுகி நுனி அகன்று, பெரும்பாலும் 1 முதல் 2 செ.மீ. நீளம். நடுநரம்பு மட்டுமே தெரியும். பொடுதலையின் பொடிப்பூக்கள் நீண்ட காம்பின் நுனியில் கொண்டையாகத் திரண்டிருக்கும். நீர்ப்பிரமிக்கு இலைக்கக்கத்தில் (இலை தண்டோடு சேரும் இடுக்கில்) ஒற்றைப் பூதான்: 5 மடல், 4 மகரந்தத்தாள்.

இங்கே பூ வெளிர் ஊதாவாக இருக்கிறதே?

அதனால் ஒதுக்கிவிடாதீர்கள். நீர்ப்பிரமி வெள்ளை, வெளிர்நீலம், இளஞ்சிவப்பு கலந்தும் பூக்கும். உறுதியான அடையாளம் பூவுக்கு அடியில் இருக்கிறது. பூக்காம்பின் உச்சியில், புல்லிவட்டத்தை (பூவின் அடியைத் தாங்கும் பச்சை இதழ்களை) ஒட்டினாற்போல் நூலிழையாய் இரண்டு சிறு செதில்கள். 5 புல்லிகளும் ஒரே அகலம் அல்ல. வெளிப்புறத்தது அகன்றும் உள்ளிருப்பவை ஒடுங்கியும் இருக்கும். 10 மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும். பூ உதிர்ந்தாலும் புல்லிகள் காயைச் சுற்றியே நிற்பதால் காய்க்கும் பருவத்திலும் இது கைகொடுக்கும்.

உவர்ச்சேற்றில் சாம்பல் பூத்த பச்சை இலை, வெள்ளைப் பூக்கள் வரிசையாக. இதுவும் அதுதானா?

இல்லை. இலைகள் மாறிமாறி அமைந்து, பூவரிசை தேள்வாலாய்ச் சுருண்டிருந்தால் அது தேள்கொடுக்கின் உறவான ஹீலியோட்ரோப்பியம் குராசாவிக்கம். பூவின் தொண்டை மஞ்சளாக இருக்கும், பிறகு ஊதாவாகும். இதைத் தயவுசெய்து வாயில் வைக்காதீர்கள். கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் இந்தப் பேரினத்தில் உண்டு.

வல்லாரையையும் பிரமி என்கிறார்களே?

பெயர்க்குழப்பம் மட்டுமே. வல்லாரைக்கு நீண்ட காம்பில் சிறுநீரக வடிவ இலை. பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம்.

படம் அனுப்பினால் சொல்வீர்களா அக்கா?

சொல்கிறேன். பூவை மேலிருந்து மட்டும் எடுத்து அனுப்புவதால்தான் பல படங்கள் முடிவுக்கு வராமல் நிற்கின்றன. பூவைப் பக்கவாட்டில், செதில்கள் தெரிய ஒன்று. வேர்விட்ட கணு ஒன்று. அளவுகோல் வைத்த இலைச்சோடி ஒன்று. செடியைப் பிடுங்க வேண்டாம். இனம் உறுதியானாலும் சாக்கடை கலக்கும் கரையில் பறித்து உண்ணாதீர்கள்; நீர்ப்பிரமி காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும்.