வாசகர் கேள்வி–பதில்: ஓடு கழற்றும் இறால்

கேள்வி: முன்பு எங்கள் பகுதிக் குளங்களில் புலி இறால்தான் இருந்தது, இப்போது எங்கு பார்த்தாலும் வனாமி. வெளிநாட்டு இறாலுக்கு ஏன் இத்தனை மவுசு?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: வனாமியின் தாயகம் மெக்சிகோ முதல் பெரு வரையிலான பசிபிக் கடலோரம். அதை வளர்க்க 2009-இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் குஞ்சு பொரிப்பகங்கள் தாய் இறாலுக்குக் கடலையே நம்பியிருந்ததால், 1990-களின் நடுவில் பல குளங்களைக் காலி செய்த வெண்புள்ளி வைரஸ், கடலில் பிடித்த தாயிடமிருந்தே குஞ்சுகளுக்கும் தொற்றியது. வனாமித் தாய் இறால்களோ தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே வளர்க்கப்பட்டு, குறிப்பிட்ட கிருமிகள் இல்லை என்று சோதிக்கப்பட்டு, சென்னையில் தனிமைப்படுத்தப்பட்ட பின்னரே பொரிப்பகத்துக்குச் செல்கின்றன. மேலும், புலி இறால் தரையோடு கிடக்கும். வனாமி நீர் முழுவதும் நீந்துவதால் சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகள் வரை விட விதிகள் இடம் தருகின்றன. புரதம் குறைந்த தீவனமே அதற்குப் போதும் என்பதால் செலவும் குறையும். ஆனால், கிருமியில்லாமல் வந்த குஞ்சும், குளத்தில் கிருமி இருந்தால் மடியத்தான் செய்யும்.

கேள்வி: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகாலையில் சில இறால்கள் ஓடு மெலிந்து செத்துக் கிடக்கின்றன. இது நோயா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: பெரும்பாலும் நோயன்று, ஓடு கழற்றும் நேரத்தில் ஏற்படும் இழப்பு. இறாலின் ஓடு விரியாது என்பதால், அதைக் கழற்றினால்தான் உடல் வளர முடியும். இளம் இறால் சில நாட்களுக்கு ஒருமுறையும், 15 கிராமைத் தாண்டியது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் கழற்றுகின்றன. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் உள்ள இடைவெளியும் அவ்வளவுதான் என்பதைக் கவனியுங்கள்.

கழற்றுவதற்கு முன் இறால் தீனியைக் குறைத்துக்கொள்ளும். செக் ட்ரேயில் (தீனி எவ்வளவு தின்னப்பட்டது என்று பார்க்கக் குளத்தில் இறக்கும் தட்டில்) தீவனம் மிஞ்சுவதே உங்களுக்குக் கிடைக்கும் முதல் அறிகுறி. பின்னர் தலையோட்டுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இடையிலுள்ள மூட்டில் ஓடு பிளக்க, இறால் ஒரே துள்ளலில் வெளியே வந்து, நீரை உறிஞ்சி உடலை ஊதப் பெருக்கிக்கொள்ளும். புது ஓடு இறுகத் தேவையான கால்சியத்தில் பெரும்பகுதியை அது நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அந்தச் சில மணி நேரம் அதனால் ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. பக்கத்து இறால்களுக்கு அது இரையாகிவிடும். ஆக்சிஜன் தேவை மிகும் இந்த வேளையும், பாசிகள் இரவெல்லாம் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும் விடியற்காலையும் சேர்ந்து வரும்போதுதான் சாவு நேர்கிறது.

ஆகவே, அந்த இரவுகளில் ஏரேட்டரை (நீரில் காற்றைக் கலக்கும் இயந்திரத்தை) நிறுத்தாதீர்கள். டீசல் விலையைப் பார்த்து ஒரு மணி நேரம் அணைத்து வைப்பது மிகவும் விலை உயர்ந்த சிக்கனம். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக் கூடாது. செக் ட்ரேயைப் பார்த்துத் தீவனத்தைக் குறையுங்கள். ஆழ்துளைக் கிணற்றின் உப்புக் குறைந்த நீரில் வளர்ப்பவர்கள் பொட்டாசியம், மெக்னீசியம் அளவுகளைச் சோதித்து, குறைந்தால் மினரல் இட வேண்டும். அறுவடையையும் இந்நாட்களில் வைக்காதீர்கள். மெத்தென்ற இறாலை வியாபாரி கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு) சரியாக இருந்தாலும் விலை குறைத்தே எடுப்பார். ஆனால், வாரக்கணக்கில் ஓடு இறுகாவிட்டால் காரணம் வேறு: தாதுக்குறையோ, பூச்சிக்கொல்லி கலந்த நீரோ இருக்கலாம். நீரையும் இறாலையும் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: பொரிப்பகத்தில் தாய் இறாலின் கண்ணை அறுப்பார்களாமே?
– வாசகர், மரக்காணம்

பதில்: உண்மைதான், பெண் இறாலின் ஒரு கண்ணை மட்டும் அதன் காம்போடு நீக்குவது வழக்கம். முட்டை முதிர்வதைத் தடுக்கும் ஹார்மோன் அந்தக் காம்பில்தான் உற்பத்தியாகிறது. ஓடு கழற்றுவதைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனும் அங்கேயே. தடை நீங்கினால், தொட்டியிலும் முட்டை விரைவில் முதிர்ந்து, ஒரு வனாமித் தாய் ஒரே இரவில் லட்சம் முட்டைகளுக்கு மேல் இடும். இது விலங்கை வதைப்பதாகும் என்ற எதிர்ப்பு நியாயமானதே. கண்ணை நீக்காமலே, நல்ல தீனியையும் தேர்ந்தெடுத்த தாய்களையும் கொண்டு முட்டையிடச் செய்யும் பொரிப்பகங்களும் இப்போது உள்ளன.