அண்ணாச்சி பதில்கள்: கோழி ரத்தத்துல வைரஸ் புரதமா?

கேள்வி: அண்ணாச்சி, வீட்டுல நாட்டுக்கோழி வளக்கோம். தங்கச்சி மவ ராமையன்பட்டி கால்நடை காலேஜ்ல படிக்கா. நல்லா மேயுத கோழி ரத்தத்துலயும் ரெட்ரோவைரஸ் புரதம் கெடக்கும்னு சொல்லுதா. அது எய்ட்ஸ் வைரஸ் குடும்பமாம்லா, இனி வீட்டுல கோழியே அடிக்கக்கூடாதுன்னு எங்க அம்மா ஒரே பிடியா நிக்காவ. சாப்பிடலாமா கூடாதா?
- வாசகர், களக்காடு

பதில்: தாராளமா அடிங்க தம்பி, மொளகு கொஞ்சம் தூக்கலாவே போடுங்க. உங்க மருமவ சொன்னது சரிதான், அம்மா பயந்ததுதான் தேவையில்லாதது. எய்ட்ஸ் வைரஸும் இதுவும் ஒரே குடும்பம், ஆனா வேற வேற கிளை, இது மனுசனுக்குத் தொத்தி நோய் குடுத்ததா கிடையாது.

ரெட்ரோவைரஸ் என்ன செய்யும்னா, தன்னோட ஆர்என்ஏவ டிஎன்ஏவா மாத்தி, புகுந்த செல்லோட டிஎன்ஏக்குள்ளயே சொருகி வச்சிரும், அதுக்கான என்சைமத்தான் 1970ல டெமினும் பால்டிமோரும் தனித்தனியா கண்டுபிடிச்சு 1975ல நோபல் வாங்கினாங்க. ரத்த செல்லுல சொருகிச்சுன்னா அது அந்தக் கோழியோடயே முடிஞ்சிரும், குஞ்சுக்கு வராது. ஆனா எந்தக் காலத்துலயோ முட்டையாவோ விந்தாவோ ஆகப்போற செல்லுல போயி சொருகிக்கிடுச்சு, அன்னையிலேர்ந்து பூர்வீக வீட்டோட சேந்து வாற வில்லங்கம் மாதிரி தாய்க்கோழி சேவல் வழியா குஞ்சுக்கு வந்துகிட்டே இருக்கு. 1968ல இங்கிலாந்துல பெயின், சப்னு ரெண்டு பேரு, நோயே இல்லாத கோழிக் கருவுல வைரஸ் புரதம் இருக்கதையும் அது மெண்டல் விதிப்படி பரம்பரையா இறங்குததையும் காட்டினாங்க, மொதல்ல யாரும் லேசுல நம்பல.

இதுல முக்காவாசி ஒடஞ்சு போன சரக்கு, முழு வைரஸா எந்திரிக்காது. ஆனா சிலது சும்மா கெடக்காம புரதத்த மட்டும் செஞ்சு தள்ளும். உள்ளோட்டுப் புரதம் ஒண்ணு, பேரு பி27, வெளியுறைப் புரதம் ஒண்ணு. அதுதான் ரத்தத்துல தெரியுது. வெளியுறைப் புரதத்தால லாபமும் உண்டு, செல்லோட வாசல இதுவே அடைச்சுக்கிடுததால வெளியேருந்து வாற அதே வகை வைரஸ் உள்ள நுழைய முடியாது. சிலி நாட்டு அரகானா கோழி நீல முட்டை போடுததுக்கும் இப்பிடி சொருகின ஒரு பழைய ரெட்ரோவைரஸ்தான் காரணம்னு 2013ல கண்டுபிடிச்சிருக்காங்க.

சிக்கல் டெஸ்ட்டுலதான். லூக்கோசிஸ்னு ஒரு கோழிப் புத்துநோய் இருக்கு, இதே சாதி வைரஸ் தொத்தி வாறது, கல்லீரல் வீங்கி, கோழி மெலிஞ்சு சாவும், தாய்கிட்டேருந்து முட்டை வழியாவும் பரவும். அதப் பிடிக்க எலைசா டெஸ்ட்டுல தேடுததும் இதே பி27தான்! பரம்பரையா வந்ததா, புதுசா தொத்துனதான்னு அந்த டெஸ்ட்டுக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது. பரம்பரை வகை நுழையவே முடியாத கோழி செல்லுல வளத்துப் பாத்தாத்தான் தெரியும், அதுல வளந்தா தொத்துனதுன்னு அர்த்தம். காயிதத்துல பாசிட்டிவ்னு கண்ட ஒடனே மொத்தக் கோழியையும் கழிச்சுக் கட்டுதது அநியாயம், எனக்குக் கேட்டாலே எரிச்சலா வரும்.

அதுக்காக பரம்பரைச் சரக்கு முழுசா சாதுன்னும் சொல்ல மாட்டேன். 1980கள் கடைசியில இங்கிலாந்து பிராய்லர் கோழியில ஜே வகைன்னு புது லூக்கோசிஸ் வைரஸ் கெளம்பிச்சு, அதோட வெளியுறை, கோழிக்குள்ள ஏற்கனவே கெடந்த பழைய வைரஸ் ஒண்ணுலேருந்து எடுத்துக்கிட்டதுதான். பண்ணைக்காரங்க நெறைய நட்டப்பட்டாங்க. உங்க வீட்டுக் கோழிக்கு நீங்க பயப்பட வேண்டியது வெள்ளைக்கழிச்சலுக்குத்தான், தடுப்பூசி போட்டாச்சா?

கேள்வி: சில தட்டம்மை தடுப்பூசி கோழிக்கரு செல்லுல தயாராவுதாமே, அப்ப இந்த வைரஸும் பிள்ளைக்குள்ள போவாதா அண்ணாச்சி?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: நல்ல கேள்விம்மா. 1990கள்ல தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி ஊசி மருந்துல அந்த ரெட்ரோவைரஸ் என்சைம் இருக்கதப் பாத்து விஞ்ஞானிகளே பதறிட்டாங்க. கோழி செல்லுலேருந்து வந்த துணுக்குதான்னு தெரிஞ்சுது. ஊசி போட்டவங்க ரத்தத்த எடுத்துச் சோதிச்சாங்க, தொத்துன அறிகுறி ஒண்ணும் இல்ல. தேதி தவறாம போடுங்க.

கேள்வி: நம்ம மலைக் காட்டுக்கோழிக்கும் இது உண்டா?
- வாசகர், பாபநாசம்

பதில்: நம்ம மலையில திரியுதது சாம்பல் காட்டுக்கோழி. மேல சொன்ன லூக்கோசிஸ் சாதி பரம்பரை வைரஸ் வீட்டுக்கோழிக்கும் செவப்புக் காட்டுக்கோழிக்கும்தான் உண்டு, சாம்பலுக்கு இல்ல. அதவிடப் பழைய கூட்டம் ஒண்ணு மட்டும் அதுக்கும் உண்டு. ஆனா வீட்டுக்கோழியோட மஞ்சக் காலு சாம்பல் காட்டுக்கோழி வழியாத்தான் வந்துச்சுன்னு 2008ல ஜீன பாத்துச் சொல்லிட்டாங்க. இதப் படிச்சுட்டு ஒண்ணப் பிடிச்சுப் பாக்கலாம்னு வலையத் தூக்கிட்டு மலையேறிராதீங்க வே, வனத்துறை கேஸு போட்டா நான் வந்து ஜாமீன் எடுக்க முடியாது.