நன்றாகப் பழுத்த வாழைப்பழம் நிறைய மீந்துவிட்டது. ஃப்ரீசரில் வைத்து அப்புறம் பயன்படுத்தலாமா?

தாராளமாக வைக்கலாம். ஆனால் தோலை உரித்து வையுங்கள், மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு அதை உரித்துத் தின்னும் பழம்போல நினைக்காமல் மாவில் சேர்க்கவோ அரைக்கவோ செய்யுங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் இரண்டு மூன்று மாதம் வரை ருசி குறையாமல் இருக்கும்.

எங்கள் வீடு பாம்பனில். இந்தத் தீவு மணலில் தென்னையும் பனையும் நிற்கும், வாழைத் தோட்டம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. 1988இல் ரோட்டுப் பாலம் திறக்கும் வரை பழத்தார் ரயிலிலோ தோணியிலோ வந்தால்தான் உண்டு என்று அப்பத்தா சொல்லும். அதனால் ஒரு பழம் வீணானாலும் அதற்கு மனசு பொறுக்காது. எனக்கும் அந்தக் குணம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

போன வருஷம் மே மாதம் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் சீரில் பழத்தட்டு ஏராளமாக வந்தது. பந்தி முடிந்து, வந்தவர்களுக்குக் கொடுத்தனுப்பியும் ஒன்பது சீப்பு மிச்சம். அந்த வெயிலில் மூன்றாம் நாளே எல்லாம் ஒரே நேரத்தில் பழுத்துக் காம்பிலிருந்து உதிர ஆரம்பித்தது. அப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அதனால் எங்கள் ஃப்ரீசர் கிட்டத்தட்டக் காலி. ஒரு மூலையில் இறால் பொட்டலம் ஒன்று மட்டும் கிடந்தது. முதல் நான்கு சீப்பை அப்படியே தோலோடு பாலித்தீன் பையில் போட்டு அந்த இறாலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் எடுத்தால் தோல் கரிக்கட்டைபோல் கறுத்து, பழம் கல்லாக இருந்தது. நகம் இறங்கவில்லை, கத்தி வழுக்குகிறது. சரி, இளகட்டும் என்று வெளியே வைத்தால் தோலுக்குள்ளேயே கூழாகிக் காம்பு வழியாக நீர் வடிந்தது. எல்லாவற்றையும்விட அந்த இறால் வாடை. பழத்தின் இனிப்போடு அது கலந்து வந்தபோது என்னால் வாயில் வைக்க முடியவில்லை. நான்கு சீப்பும் ஆட்டுக்குப் போனது. அப்பத்தா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

வழி சொன்னது மதினிதான். கல்யாணத்துக்கு முன் மதினி இறால் கம்பெனியில் வேலை பார்த்தது. "அங்கே இறாலைக் குவித்துப் போட்டு உறைய வைக்க மாட்டோம், தனித்தனியாகப் பரப்பித்தான் வைப்போம். அப்பத்தான் ஒன்றோடொன்று ஒட்டாது, வேண்டிய அளவு அள்ளலாம். பழமும் அப்படித்தானே?" என்றது. மிச்சம் இருந்த ஐந்து சீப்பையும் அப்படியே செய்தோம்.

பழத்தை உரித்து, நார் எடுத்து, அரை விரல் கனத்துக்கு வட்டமாக வெட்டினோம். எவர்சில்வர் தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி ஃப்ரீசரில் வைத்தோம். இரண்டு மூன்று மணி நேரத்தில் தட்டினால் டக் டக் என்று சத்தம் வரும் அளவுக்கு இறுகிவிட்டது. பிறகு பிளாஸ்டிக் டப்பாக்களில் நிரப்பி, மேலே தேதி எழுதி ஒட்டினோம். மீன் வைக்கும் வீடென்றால் பையை மட்டும் நம்பாதீர்கள், ரப்பர் வளையம் உள்ள மூடி வேண்டும். ஒரே டப்பாவில் எல்லாவற்றையும் போடாமல், ஒரு தடவைக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவில் பிரித்து வையுங்கள். இளகியதைத் திரும்ப உறைய வைத்தால் வெறும் சளசளப்புதான் மிஞ்சும்.

பழம் ஏன் அப்படிக் கூழாகிறது என்றால், அதற்குள் இருக்கும் தண்ணீர் உறையும்போது ஊசி ஊசியாகப் பனிக்கட்டி உருவாகித் திசுவைக் கிழித்துவிடும். மெதுவாக உறைந்த மீன், எடுத்ததும் நீர் விட்டுத் தொளதொளவென்று ஆவதும் இதனால்தான். கறுப்பதற்குக் காரணம் பழத்திலுள்ள நொதி காற்றோடு சேர்வது. குளிர் அந்த நொதியை அடக்கி வைக்குமே தவிர அழிக்காது, இளகத் தொடங்கியதும் அது வேலையைக் காட்டும். நிறம் முக்கியம் என்றால் வெட்டியதும் எலுமிச்சைச் சாறு லேசாகத் தடவலாம். அப்பத்துக்கு என்றால் நான் தடவுவதில்லை.

எந்தப் பக்குவத்தில் வைப்பது என்பதும் முக்கியம். தோலில் கரும்புள்ளி விழுந்து மணம் தூக்கலாக வரும்போது வையுங்கள். மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதெல்லாம் அதற்குள் நடந்து முடிந்திருக்கும், ஃப்ரீசருக்குள் போனபின் பழம் இனிமேல் பழுக்காது. காயை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பதும் தப்பு. 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும், பழுக்கவும் செய்யாது. புளித்த வாடையோ பூஞ்சையோ இருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

ரகத்தைப் பொறுத்தவரை, ஐஸ்கிரீம்போல அரைக்க எனக்குப் பச்சைப்பழம்தான் பிடித்தது. உறைந்த துண்டுகளை ஐந்து நிமிஷம் வெளியே வைத்து, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். முதலில் ரவைபோல உதிரும், பக்கத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் வெண்ணெய்போலத் திரளும். பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம்.

பூவன் என்றால் அப்பம்தான். ஒரு கப் துண்டை இளகவிட்டு மசியுங்கள். வடியும் நீரைக் கொட்டிவிடாதீர்கள், இனிப்பு அதில்தான் இருக்கிறது. ஒரு கப் கோதுமை மாவு, கால் கப் அரிசி மாவு, அரை கப் கருப்பட்டிப் பாகு, தேங்காய்த் துருவல், சுக்கு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் விடாதீர்கள். பாகை வடிகட்டி ஆறவைத்துச் சேருங்கள், இல்லாவிட்டால் மண் பல்லில் கடிபடும். பழநீர் இருப்பதால் தண்ணீர் கொஞ்சமாகத் தெளித்தால் போதும். பணியாரக் கல்லில் நல்லெண்ணெய் விட்டு, தீயைக் குறைத்துச் சுடுங்கள். தீ அதிகமானால் கருப்பட்டி அடியில் கருகி உள்ளே மாவாகவே நிற்கும்.

கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம் குளிர் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. எங்கள் வீட்டில் இருப்பதுபோல ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜாக இருந்தால் அவ்வளவு நேரத்தை நம்ப வேண்டாம். துண்டுகள் முழுக்க இளகிவிட்டால் அன்றைக்கே அப்பம் சுட்டுவிடுங்கள்.

ஜூன் 14 அன்று எங்கள் வீட்டில் கடைசி டப்பாவைத் திறந்தோம். மறுநாள் முதல் ஃப்ரீசரில் மீனுக்கு இடம் வேண்டுமே. அன்று மாலை சுட்ட அப்பத்தில் பாதியைத் தூக்குவாளியில் போட்டு அண்ணன் படகுக்கு எடுத்துப் போனது. மீதியை அப்பத்தா தன் பக்கத்தில் வைத்துக்கொண்டது.