திரையில் தெரியும் பிராண்டு: காஸ்டியூம் அக்காவிடம் கேட்டவை

வணக்கம். சிங்கப்பூரில் தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களுக்கும் குறும்படங்களுக்கும் உடை பார்க்கிற வேலை எனக்கு. நடிகை கட்டுகிற புடவை எங்கிருந்து வருகிறது, சட்டை லோகோவை ஏன் மறைக்கிறார்கள், படத்துக்குள் வரும் விளம்பரத்துக்கு எவ்வளவு காசு என்றெல்லாம் கேட்பவர்கள் அதிகம். கேள்விகளை அனுப்பச் சொன்னேன், குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். நடிகர்களின் சொந்த வாழ்க்கை பற்றிய கேள்விகளுக்குப் பதில் கிடையாது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஈசூன் மாமி: நாடகத்தில் மாமியார் சமையலறைக்குக்கூடப் பட்டுப்புடவையோடு வருகிறாளே! கடைக்காரர் பணம் கொடுத்துக் கட்டச் சொல்கிறாரா, நீங்கள் வாங்குகிறீர்களா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை மாமி, இரவல்தான். கடை புடவையைத் தரும், நாங்கள் நாடகத்தின் முடிவில் கடையின் பெயரைப் போடுவோம். படப்பிடிப்பு முடிந்ததும் புடவை கடைக்கே போய்விடும். அதை அப்புறம் விற்க வேண்டும், அதனால் கறை படக்கூடாது, விலைச்சீட்டைக் கிழிக்கக்கூடாது, ஃபால்ஸ் தைக்கக்கூடாது. இதில் எங்களுக்குப் பெரிய தலைவலி ரவிக்கைத் துணி. இப்போது வரும் புடவைகளில் அது புடவையோடு சேர்ந்தே இருக்கும். வெட்ட முடியாது. அந்த முக்கால் மீட்டரை உள்ளே சுருட்டிச் செருகினால் நடிகைக்கு இடுப்பு ஒரு சுற்றுப் பெருத்துத் தெரியும். ஒல்லியான பெண் திடீரென்று ஒரு காட்சியில் பூசினாற்போலத் தெரிந்தால், காரணம் அதுதான்.

பணம் கைமாறாத ஏற்பாடு சின்ன நாடகத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 1982இல் வந்த 'ஈ.டி.' படத்தில் அந்த வேற்றுக்கிரகக் குட்டியைப் பையன் மிட்டாய் போட்டு வரவழைப்பானே, முதலில் எம் அண்ட் எம்ஸ் மிட்டாயைத்தான் கேட்டார்கள். மார்ஸ் நிறுவனம் மறுத்துவிட்டது. ஹெர்ஷி ஒப்புக்கொண்டு தன் ரீஸஸ் பீசஸைத் தந்தது. படத்தில் காட்டுவதற்கென்று காசு கொடுக்கவில்லை. தன் விளம்பரங்களில் படத்தையும் சேர்த்துப் பிரபலப்படுத்த 10 லட்சம் அமெரிக்க டாலர் செலவழிப்பதாகத்தான் ஒப்பந்தம். மிட்டாய் விற்பனை எகிறியது.

பூன் லே பையன்: நடிகரின் டீ-ஷர்ட்டில் லோகோ மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். சட்டப்படி மறைக்க வேண்டுமா?

எல்லா லோகோவையும் மறைக்கச் சட்டம் எதுவும் சொல்லவில்லை தம்பி. முதல் காரணம் வியாபாரம். நாடகத்துக்கு ஒரு காலணிக் கடை ஆதரவு தருகிறது என்றால், போட்டிக் கம்பெனியின் அடையாளத்தைக் கதாநாயகன் நெஞ்சில் காட்ட முடியுமா? யாருமே காசு தராதபோது ஒருவருக்கு மட்டும் இலவச விளம்பரம் எதற்கு என்று தயாரிப்பாளர் கேட்பார், அது இரண்டாவது. மூன்றாவது, வழக்கு வருமோ என்ற பயம்.

அந்தப் பயம் கொஞ்சம் மிகையானது. 'தி ஹேங்ஓவர்' இரண்டாம் பாகத்தில் ஒரு பாத்திரம் போலிப் பையை வைத்துக்கொண்டு, அதை லூயி வித்தோன் என்று பீற்றிக்கொள்வான், பெயரையும் தப்பாக உச்சரிப்பான். அந்தக் கம்பெனி வார்னர் பிரதர்ஸ் மேல் வழக்குப் போட்டது. 2012இல் நியூயார்க் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. ஆனாலும் இங்கே எங்கள் மாதிரிக் குழுவுக்கு வக்கீல் வைக்கப் பணமா இருக்கிறது? மறைப்பது சுலபம்.

டேப் கண்ணில் பட்டது என்றால் வேலை சரியில்லை என்று அர்த்தம். விளக்கு பட்டால் டேப் பளபளக்கும். நான் அதே சட்டையின் உள்மடிப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி மேலே கைத்தையல் போடுவேன். நேரம் இல்லையா, தோளில் துண்டு, நெஞ்சோடு அணைத்த கோப்பு, கையில் குழந்தை, எதையாவது கொடுத்துவிட வேண்டியதுதான்.

செந்தோசா ரவி: ரே-பான் கண்ணாடியை சினிமாதான் காப்பாற்றியது என்கிறார்களே, கதையா?

உண்மை. வேஃபேரர் என்ற மாடல் 1981இல் 18,000 ஜோடிதான் விற்றது, கிட்டத்தட்ட மூடுகிற நிலை. 1982இல் கம்பெனி ஒரு பிளேஸ்மென்ட் நிறுவனத்தோடு வருடத்துக்கு 50,000 டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. படங்களிலும் தொலைக்காட்சியிலும் கண்ணாடியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் வேலை. 1983இல் 'ரிஸ்கி பிசினஸ்' படத்தில் டாம் குரூஸ் அதைப் போட்டார், அந்த வருடம் 3,60,000 ஜோடி விற்றது. 1986இல் 'டாப் கன்' வந்தது, அப்போது ஏவியேட்டர் மாடலுக்கு யோகம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். யாரும் அந்தக் கண்ணாடியைப் பற்றிப் படத்தில் சொற்பொழிவு ஆற்றவில்லை. பையன் போட்டுக்கொண்டான், அழகாக இருந்தான். அவ்வளவுதான்.

தெம்பனீஸ் தாரா: ஸ்பான்சரால் தொல்லை வந்ததுண்டா அக்கா? பெயர் வேண்டாம், கதை மட்டும்!

உண்டு. ஒரு நகைக்கடை, பெயர் சொல்ல மாட்டேன். ஆரம் ஒன்றை இத்தனை காட்சியில் காட்ட வேண்டும் என்று பேச்சு. அட்டவணை மாறிப்போய், மிச்சமிருந்தது துக்க வீட்டுக் காட்சி ஒன்றுதான். அதிலும் போட்டே ஆக வேண்டும் என்று நின்றார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் கழுத்தில் ஆரமா? இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கடைசியில் அதைச் சம்பந்தியம்மா கழுத்தில் போட்டோம். ஏற்கெனவே பகட்டுக்காரி என்று எழுதப்பட்ட பாத்திரம். துக்கம் விசாரிக்க அவள் ஆரத்தோடு வாசலில் வந்து நிற்க, உட்கார்ந்திருந்த பெண்கள் அவள் முகத்தைப் பார்த்து, கழுத்தைப் பார்த்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். வசனமே இல்லை. காட்சி நன்றாக வந்தது, ஆரமும் குளோசப்பில் வந்தது. பிராண்டைப் பாத்திரத்தின் குணத்தோடு ஒட்டவைத்துவிட்டால் பார்ப்பவருக்கு உறுத்தாது. நான் இந்த வேலையில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான். ஒட்டாதென்றால் எவ்வளவு காசு கொடுத்தாலும் அது துருத்திக்கொண்டுதான் நிற்கும்.

உட்லண்ட்ஸ் ரசிகன்: 'கபாலி'யில் தலைவர் போட்ட கோட்டு எந்த பிராண்டு? அதுவும் விளம்பரமா?

விமானத்தையும் கோட்டையும் பிரித்துப் பாருங்கள். 2016இல் ஏர்ஏசியா அந்தப் படத்தோடு கூட்டுச் சேர்ந்து ஒரு விமானத்தின் மேலேயே ரஜினி படத்தைப் போட்டுப் பறக்கவிட்டது. அது பச்சையான விளம்பரக் கூட்டு, ஒளிவுமறைவு இல்லை. கோட்டு அப்படி வந்ததில்லை. அது அனு வர்தனின் உடையலங்காரம். கோட்டு போடுவதில் அரசியல் இருக்கிறது என்று அந்தப் பாத்திரமே காந்தியையும் அம்பேத்கரையும் சொல்லிப் பேசும். எந்தக் கடைத் துணி என்பது அந்த இடத்தில் முக்கியமே இல்லை.

உடையே பிராண்டுக்குப் பெயர் வாங்கித் தந்ததைப் பார்க்க வேண்டுமானால் 1980க்குப் போக வேண்டும். 'அமெரிக்கன் ஜிகோலோ' படத்தில் ரிச்சர்ட் கியர் போட்ட உடைகள் அர்மானி. அலமாரியைத் திறந்து சட்டைகளைக் கட்டில் மேல் பரப்பி, எதற்கு எது பொருந்தும் என்று அவர் பார்க்கிற காட்சி ஒன்று வரும். அமெரிக்காவில் அர்மானி பெயர் பரவியதில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கடிகாரப் பைத்தியம்: ஜேம்ஸ் பாண்ட் ஒமேகா கட்ட ஆரம்பித்தது எப்போது? பணம்தானே காரணம்?

1995, 'கோல்டன்ஐ'. அந்தப் படத்தின் உடையலங்காரம் லிண்டி ஹெமிங். கடற்படையிலிருந்து வந்த ஆள் ஒமேகாவின் சீமாஸ்டர் மாடலைத்தான் கட்டுவான் என்பது அவர் வாதம். அப்புறம் கம்பெனியோடு நீண்டகால உறவாகிவிட்டது, அதில் வியாபாரம் இல்லை என்று யார் சொன்னது? ஆனால் 2006இல் வந்த 'கசினோ ராயல்' படத்தில் ரயிலில் எதிரே உட்காரும் பெண் 'ரோலெக்ஸா' என்று கேட்க, பாண்ட் 'ஒமேகா' என்று திருத்துவார் பாருங்கள், அங்கே எனக்குக் கூச்சமாகிவிட்டது. கடிகாரம் மணிக்கட்டில் இருந்தாலே போதும், வாய்க்கு வர வேண்டாம்.

கே-டிராமா கவி: கொரிய நாடகத்தில் அழுதுகொண்டேகூட சப்வே சாண்ட்விச் சாப்பிடுகிறார்களே, அங்கே விதியே இல்லையா?

விதி இருப்பதால்தான் இப்படித் தங்கச்சி. நிகழ்ச்சிக்குள்ளேயே பொருளைக் காட்டி விளம்பரம் செய்வதை 2010இல் தென்கொரியா முறைப்படி அனுமதித்தது. நிகழ்ச்சி நேரத்தில் 5 விழுக்காட்டுக்குள், திரையில் கால் பங்குக்குள் என்றெல்லாம் அளவு வைத்தார்கள். அளவுக்குள் இருந்தால் சரி என்று ஆனபிறகு எழுத்தாளர்கள் சாண்ட்விச் கடையிலேயே காதலைச் சொல்ல வைக்கிறார்கள். பிரிட்டன் 2011இல் அனுமதித்தபோது, நிகழ்ச்சியில் விளம்பரப் பொருள் இருக்கிறது என்று தெரிவிக்க 'பி' என்ற எழுத்தைத் திரையில் காட்டச் சொன்னது. எனக்கு அது பிடித்த ஏற்பாடு. பார்ப்பவருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அப்புறம் பிடிப்பதும் பிடிக்காததும் அவர் பாடு.

பாலிடெக்னிக் மாணவி: வில்லன் கையில் ஐபோன் இருக்காது என்பது நிஜமா?

இயக்குநர் ரியான் ஜான்சன் 2020இல் வெளிப்படையாகச் சொன்னார், கெட்டவன் கையில் கேமரா முன் ஐபோன் இருக்க ஆப்பிள் விடாது என்று. மர்மப் படம் எடுப்பவருக்கு எவ்வளவு சங்கடம்! போன் பார்த்தே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடலாம்.

பிராண்டுகளுக்கு இந்தப் பயம் வருவதில் நியாயமும் உண்டு. 2021 டிசம்பரில் 'அண்ட் ஜஸ்ட் லைக் தட்' தொடரில் ஒரு முக்கியப் பாத்திரம் பெலோட்டன் என்ற பிராண்டின் சைக்கிளில் உடற்பயிற்சி செய்து முடித்த கையோடு மாரடைப்பில் செத்துப்போனது. சைக்கிள் வரப்போகிறது என்று கம்பெனிக்குத் தெரியும், சாவு வரப்போகிறது என்று தெரியாது. பங்கு விலை சரிந்தது.

புக்கிட் பாத்தோக் பாபு: நிஜப் பணக்காரர்கள் லோகோ போட மாட்டார்கள் என்கிறார்களே?

பெரும் பணக்காரக் குடும்பத்தைப் பற்றிய 'சக்ஸெஷன்' தொடரில் கெண்டல் என்ற மகன் போடும் தொப்பியைப் பாருங்கள். சாதாரணத் தொப்பி மாதிரி இருக்கும், வெளியே பெயர் கிடையாது, ஆனால் லோரோ பியானா என்ற விலையுயர்ந்த இத்தாலிய பிராண்டு. தெரிந்தவனுக்குத் தெரியும். நம் நாடகத்தில் கோடீஸ்வரர் என்றால் இன்னும் பெரிய பெல்ட் பக்கிள்தான் கேட்கிறார்கள்!

அங் மோ கியோ பாட்டி: எண்பதுகளில் நதியா கம்மல், நதியா வளையல் என்று வாங்கிப் போட்டோமே, அதற்குக் கம்பெனி இருந்ததா?

கம்பெனி ஏதும் இல்லை பாட்டி. 1985இல் 'பூவே பூச்சூடவா' வந்தது, பெண்பிள்ளைகளுக்கு அவர் மேல் பைத்தியம் பிடித்தது, கடைக்காரர்கள் கையில் இருந்த கம்மலுக்கெல்லாம் அவர் பெயரை வைத்துவிட்டார்கள். ரே-பான் காசு கொடுத்துச் செய்ததை நம் கடைவீதி ஓசியிலேயே செய்தது.

செங்காங் தையல்காரி: வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்து ஆன்லைனில் விற்கிறேன். என் உடைகளை நாடகத்தில் வரவைப்பது எப்படி?

நடிகைக்கு நேராகச் செய்தி அனுப்பாதீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நாடகத்தின் முடிவில் ஓடும் பெயர்களில் உடைப் பொறுப்பாளர் யார் என்று பாருங்கள், அவருக்கு எழுதுங்கள். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்கள், கையிருப்பில் உள்ள அளவுகள், எத்தனை நாளில் தர முடியும், அவ்வளவு போதும். உங்கள் கதை வேண்டாம்.

எங்களுக்கு உண்மையில் வேண்டியது ஒரே மாதிரி இரண்டு. ரத்தம், மழை, கொட்டுகிற காபி எது வந்தாலும் ஒன்று கெட்டுப்போனால் மறு டேக்குக்கு இன்னொன்று வேண்டும். இரண்டு தர முடியும் என்று எழுதினாலே பாதி வேலை முடிந்தது. நுணுக்கமான கோடும் கட்டமும் கேமராவில் அலையடிக்கும், அவற்றைத் தவிருங்கள். மொடமொடப்பான பட்டில் மைக் மறைத்தால் சரசரவென்று சத்தம் வரும், பருத்தி அனுப்பினால் ஒலிப்பதிவுக்காரர் உங்களைக் கும்பிடுவார். உள்தையலில் இரண்டு பக்கமும் தாராளமாகத் துணி விடுங்கள்.

எது திரையில் வரும், எது வெட்டப்படும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால் திரும்ப வராவிட்டாலும் தாங்கக்கூடியதை மட்டும் கொடுங்கள். பெயர் எப்படி வரும், எழுத்து எப்படி இருக்கும் என்பதை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம், நான் சொன்னால்கூட.

தோ பாயோ சேகர்: சிகரெட் பிராண்டு?

பேச்சே வேண்டாம். சிங்கப்பூரில் புகையிலை விளம்பரத்துக்கு 1971லிருந்தே தடை.

பொங்கோல் பிரியா: நடிகைகள் சமூக ஊடகத்தில் அதே புடவையோடு படம் போடுகிறார்களே, அதுவும் நாடக ஒப்பந்தமா?

சில நேரம் சேர்த்தே பேசுவார்கள், சில நேரம் நடிகையின் தனி ஏற்பாடு. விளம்பரத்துக்காகப் போட்டது என்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் 2016லேயே அதற்கு வழிகாட்டி வெளியிட்டது. 'அன்புள்ள கடைக்கு நன்றி' என்று மட்டும் எழுதிவிட்டு நழுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான்.

நியூட்டன் சாப்பாட்டு ராமன்: 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' நம் ஊரில் எடுத்தார்களே, அந்த மரகத மோதிரம் எந்தக் கடை ஸ்பான்சர்?

ஸ்பான்சர் இல்லை, அது மிஷெல் இயோவின் சொந்த மோதிரம். இயக்குநருக்குத் திருப்தியான மோதிரம் கிடைக்காமல், அவரே தன்னுடையதைக் கொண்டுவந்தார். கதையே அந்த மோதிரத்தைச் சுற்றித்தான் திரும்புகிறது, கடையில் இரவல் வாங்கியிருந்தால் பாதுகாப்புக்கு ஓர் ஆள் கூடவே நின்றிருப்பார்!

யாரோ ஒருவர்: இரவல் உடையில் வியர்வை வாசம் வந்தால் என்ன செய்வீர்கள்? சலவைக்கும் போட முடியாதே?

நல்ல கேள்வி, கடைசியாக வந்தது. வெளிநாட்டு உடைப் பிரிவுகளில் மலிவான வோட்காவைத் தண்ணீரோடு கலந்து கோட்டின் உள்பக்கம், அக்குள் பகுதியில் தெளித்துக் காயவிடுவார்கள், வாசம் போய்விடும். இங்கே மது விற்கிற விலைக்கு அது கட்டுப்படியாகாது, மருந்துக்கடையில் கிடைக்கும் ஆல்கஹாலே போதும். முதலில் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் சோதித்துக்கொள்ளுங்கள், சில சாயம் கலைந்துவிடும். பட்டுக்கு மட்டும் இந்த வேலை வேண்டாம். அக்குளில் முன்கூட்டியே துணிப்பட்டை வைத்துத் தையுங்கள், கழற்றியதும் மின்விசிறிக்குக் கீழே தொங்கவிடுங்கள், விலைச்சீட்டை எடுத்து வெளியே விடுங்கள்.