கணக்கு எடுத்தால் டீச்சர் வேலை மட்டும்தானா, ஆச்சி?

ஆச்சி, ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பெண் இன்ஜினியரிங் வேண்டாம், பி.எஸ்சி. கணிதம்தான் படிப்பேன் என்று நின்றால் எந்தத் தாய்க்கும் அடிவயிறு கலங்கத்தான் செய்யும். "கடைசியில் டீச்சர் வேலைதானே" என்று கேட்டீர்கள். டீச்சர் வேலை ஒன்றும் தாழ்வில்லை. ஆனால் உங்கள் மகள் ஆசைப்படுவது வேறு: வெப்பமும் நீரும் மின்சாரமும் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சமன்பாடாக எழுதி விடை காணும் பயன்பாட்டுக் கணிதம்.

உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்வோம். சித்திரை வெயில் சுவரில் காய்ந்தாலும் வளவுக்குள், அதாவது வீட்டின் உள்கட்டில், குளுமை இருக்கிறது அல்லவா? ஓர் அடி கனமுள்ள செங்கல் சுவரில் உச்சி வெயிலின் சூடு உள்பக்கம் வந்து சேர ஏறக்குறைய எட்டு, பத்து மணி நேரம் ஆகும். வரும்போது பெரும்பங்கு அடங்கியும் போயிருக்கும். எவ்வளவு தாமதம், எவ்வளவு அடக்கம் என்று கணக்கிட உதவுவது, பிரான்சின் கணித அறிஞர் ஃபூரியே 1822-இல் நூலாக வெளியிட்ட வெப்பச் சமன்பாடு. 1855-இல் ஜெர்மன் விஞ்ஞானி ஃபிக், கரைசலில் உப்பு பரவுவதற்கும் அதே வடிவம் பொருந்தும் என்று காட்டினார்.

இன்று செல்போன் பேட்டரிக்குள் லித்தியம் பரவுவதையும் அதே சமன்பாட்டை வைத்துத்தான் கணிக்கிறார்கள். மின்முனையில் இருக்கும் துகளின் அளவைப் பாதியாக்கினால் லித்தியம் உள்ளே பரவும் நேரம் கால்வாசியாகிவிடும். சுவருக்கு எழுதிய கணக்கு பேட்டரிக்கும் பொருந்துகிறது பாருங்கள், எனக்கு இந்தப் படிப்பின் மேல் பிரியம் வந்ததே இதனால்தான். பேட்டரி ஆராய்ச்சிக்கு வெகுதூரம் போகவும் வேண்டாம், நம் காரைக்குடியில் செக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் இயங்குகிறது. அதற்கு நிலம் கொடுத்த வள்ளல் அழகப்ப செட்டியார்தான் 1950-இல் சென்னையில் ராமானுஜன் கணித நிறுவனத்தையும் தொடங்கினார்.

சரி, வேலை? கார், பேட்டரி, விமான பாகம் செய்யும் கம்பெனிகளில் சிமுலேஷன் வேலை, அதாவது பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று கணினியிலேயே கணக்கிட்டுப் பார்க்கும் வேலை, உண்டு. ஆனால் இன்ஜினியரிங் பட்டம் கேட்கும் இடங்களே அதிகம், அதை மறைக்க மாட்டேன். அதனால் பி.எஸ்சி.யோடு நிற்கக் கூடாது. எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. என்று ஐந்து வருடக் கணக்காகவே திட்டமிடுங்கள். மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கோ கெமிக்கல் இன்ஜினியரிங்கோ படித்துவிட்டு, மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதி இதே துறைக்கு வருவதும் நல்ல வழிதான்.

எந்தக் கல்லூரி என்பதைவிட எப்படிப் படிக்கிறாள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. என்னிடம் வரும் பிள்ளைகள் பலர் வகைக்கெழுச் சமன்பாட்டை மளமளவென்று தீர்ப்பார்கள். இது எந்தப் பொருளைப் பற்றியது என்று கேட்டால் விழிப்பார்கள். அவர்களுக்குத்தான் வழி குறுகிப்போகிறது. துணைப்பாடமாக இயற்பியல் இருக்கட்டும். முதல் வருடமே பைத்தான் என்கிற கணினி மொழி பழகட்டும்.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். இரண்டு வெப்பமானி வாங்கி, வெயில் படும் சுவரின் வெளிமுகத்தில் ஒன்றும் உள்முகத்தில் ஒன்றும் ஒட்டி வையுங்கள். மூன்று நாள் அவளே மணிக்கு ஒருமுறை குறித்து வரைபடம் போடட்டும். உள்ளே சூடு ஏன் பிந்தி, ஏன் குறைந்து வருகிறது என்று அவளாகவே தோண்டிக் கேட்கிறாளா என்று கவனியுங்கள். அப்புறம் அந்தத் தாளோடு அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள் ஆச்சி.